உழவர் குழுக்களும் உறுப்பினர் வீட்டு அடுப்படியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு, குறு விவசாயிகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து இடுபொருளை வாங்கவும் விளைபொருளை விற்கவும் நடத்தும் குழுக்களான உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை, 10,000 என்ற எண்ணிக்கையில் உருவாக்கும் மத்திய அரசின் திட்டம் 2020இல் தொடங்கியது. சமவெளியில் ஒரு நிறுவனத்துக்குக் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். ஒவ்வோர் உறுப்பினரும் செலுத்தும் பங்குத் தொகைக்கு இணையாக 2,000 ரூபாய் வரை அரசு தருகிறது. இந்தக் குழுக்களால் இடுபொருள் செலவு குறைவதையும் விளைபொருளுக்கு நல்ல விலை கிடைப்பதையும் நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் குழுக் கூட்டங்களில் விற்பனைக் கணக்கு மட்டுமே வாசிக்கப்படுகிறது.

பெங்களூரில் பணிபுரியும் எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம். என் சிறுவயதில் எங்கள் மூன்று ஏக்கரில் கேழ்வரகும் அதன் ஊடே அவரையும் துவரையும் விளையும். கார்த்திகை, மார்கழியில் அறுத்துச் சேர்த்தது அடுத்த அறுவடை வரை வீட்டுக்குப் போதும். குழுவில் சேர்ந்த பின் அண்ணன் தக்காளிக்கு மாறினார். பலர் சேர்ந்து ஒரே வண்டியில் பெங்களூருச் சந்தைக்கு அனுப்பியதால் வாடகை மிச்சமானது உண்மைதான். ஆயினும் விலை சரிந்த ஆண்டில் பறிகூலிக்கும் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிட, முன்பு எங்கள் நிலத்திலேயே விளைந்த பருப்பை அண்ணி கடையில் கால் கிலோ கால் கிலோவாக வாங்கினார். ரேஷன் அரிசி இருந்ததால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. குழந்தைகளின் தட்டில் பருப்பும் களியும்தான் குறைந்தன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கும் நிலையில், இதைச் சிறிய இழப்பாக என்னால் கருத முடியவில்லை.

தக்காளியே கூடாது என்று நான் கூறவில்லை. விதைப்புக்கு முன்பே ஒவ்வொரு வீட்டின் ஓராண்டுத் தானிய, பருப்புத் தேவையைக் குழு கேட்டறிந்து, அதற்கான பரப்பை ஒதுக்கச் செய்து, விளைந்ததைப் பொதுக் கிடங்கில் வைத்து, கையிருப்பு தீரும் ஆடி, ஆவணியில் உறுப்பினருக்கே திருப்பித் தரலாம். கேழ்வரகு எளிதில் வண்டு பிடிக்காத தானியம் என்பதால் இதற்குப் பெரும் செலவும் ஆகாது.

இந்தத் தேவையைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் பெண்களே. ஆனால் எங்கள் ஊரில் பட்டா ஆண்கள் பெயரில் இருப்பதால் பங்கும் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. அண்ணியை ஒரு கூட்டத்துக்கும் அழைத்ததில்லை. கணவன், மனைவி இருவரையும் உறுப்பினராக்குவதை மானியத்துக்கான நிபந்தனையாகவே வைக்க வேண்டும்.

குழுக்களின் வெற்றியைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதும்போது, ஆடி மாதத்தில் உறுப்பினர் வீடுகளில் என்ன சமைத்தார்கள் என்பதையும் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு