கொன்சோபாட்டா குயவர்களை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரு நாட்டுத் தொல்லியல் பற்றிய தங்கள் கட்டுரையை ஆவலோடு படித்தேன். மச்சு பிச்சுவும் இன்காக்களுமே பக்கங்களை நிறைத்துவிட்டனர். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே, ஏறத்தாழ கி.பி. 600 முதல் 1000 வரை, ஆண்டிஸ் மலைநாட்டில் ஓங்கியிருந்த வாரி மக்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அவர்களுடைய குயவர் குடியிருப்பான கொன்சோபாட்டாவைப் பற்றியாவது எழுதியிருக்கலாம்.

அயகூச்சோ நகரை ஒட்டிய இடம் அது. 1942இல் பெருவின் தொல்லியலாளர் ஹூலியோ டெல்லோ அங்கே அகழ்ந்தபோது பெருந்தாழிகளின் துண்டுகள் கிடைத்தன. 1977இல் இன்னொரு குவியல். இரு கைகளிலும் கோல் ஏந்திய தெய்வத்தைத் தாழிகளில் பல வண்ணங்களில் தீட்டி, பிறகு அவற்றை வேண்டுமென்றே உடைத்துப் புதைத்திருக்கிறார்கள். டிடிகாகா ஏரிக்கு அருகே, இன்றைய பொலிவியாவில் உள்ள பழைய நகரமான திவானாக்குவின் சூரிய வாயிலில் இருக்கும் உருவத்தின் சாயல் அதில் தெரிகிறது. பிற்பாடு கிடைத்த ஓடுகளில் கோரைப் படகில் மண்டியிட்ட போர்வீரர்கள்! கோரைப் படகு ஓடும் டிடிகாகா ஏரியோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மலைப் பள்ளத்தாக்கின் குயவர்கள் ஏன் படகை வரைந்தார்கள் என்ற கேள்வி என்னை விடுவதே இல்லை.

ஆனாலும் அங்கே கிடைத்த கருவிகள்தாம் எனக்குப் பெரிது. ஸ்பானியர் வரும்வரை ஆண்டிஸில் குயவர் சக்கரம் கிடையாது. அத்தனை பெரிய தாழிகளையும் கையாலேயே எழுப்பியிருக்கிறார்கள். மண்ணை வைத்துத் திருப்பி வனையும் தட்டு, அச்சு, மெருகேற்றும் கூழாங்கல், உடைந்த ஓட்டைத் தேய்த்துச் செய்த சுரண்டி என்று ஒரு பட்டறையே மண்ணுக்குள் கிடந்தது. அருங்காட்சியகத்தில் முழுத் தாழியை எத்தனை முறை பார்த்தாலும் அதைச் செய்த விதம் பிடிபடாது. அதைச் சொல்ல இந்தச் சுரண்டிகள் வேண்டும்.

வெறும் குயவர் ஊர் என்றுதான் முதலில் கருதினார்கள். வில்லியம் இஸ்பெல், அனிதா குக் ஆகியோரின் பிந்தைய அகழாய்வுகளுக்குப் பிறகு, மேட்டுக்குடியினரும் வாழ்ந்த நகரம் என்ற கருத்து வலுத்தது. சொல்லவே வேதனையாக இருக்கிறது: அயகூச்சோ விமான நிலையமும் சாலையும் வீடுகளும் அந்த ஊரின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. ஓடுதளத்துக்காக மண்ணைச் சமன்படுத்தும்போது சுரண்டியும் கூழாங்கல்லும் யார் கண்ணில் பட்டிருக்கும்?

அடுத்த இதழ்களில் ஒன்றில் கொன்சோபாட்டாவுக்குத் தனிக் கட்டுரை ஒதுக்குங்கள். தாழிகளின் வண்ணப்படத்தோடு அந்தக் கருவிகளின் படத்தையும் அதே அளவில் அச்சிட வேண்டுகிறேன்.

தங்கள் வாசகி,
கும்பகோணம்