சாப்பிடுகிறவருக்குச் சேரும் ஜிங்க்குக்கு யார் காசு கொடுப்பது?

வேலூர் மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அவர்களுக்கும், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தினருக்கும்,

வணக்கம். நவரைப் பருவ நெல்லுக்கு நாற்று விடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். சத்துவாச்சாரியில் நடக்கும் குறைதீர்வு நாள் கூட்டத்தில் பேசியிருக்கலாம்தான். ஆனால் ஏரிக் கால்வாய், கரும்பு பாக்கி, காட்டுப்பன்றி எல்லாம் முடிந்து மைக் நம் கைக்கு வருவதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிடுகிறது. அப்போது போய் அரிசியில் இருக்கும் துத்தநாகத்தை, அதாவது ஜிங்க்கைப் பற்றிப் பேசினால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

நெல்லுக்கு ஜிங்க் சல்பேட் போடச் சொல்லி உங்கள் துறை பல காலமாகச் சொல்லி வருகிறது. நாங்களும் போடுகிறோம். நட்டு மூன்று வாரத்தில் அடி இலையில் துருப்பிடித்த மாதிரி புள்ளி விழுந்து, பயிர் வளராமல் குந்திக்கொண்டால் ஜிங்க் பத்தவில்லை என்று இன்று எல்லோருக்கும் தெரியும். வடக்கே பந்த்நகரில் இதை நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, இது துத்தநாகப் பற்றாக்குறை என்று 1966-இல் நெனே என்ற விஞ்ஞானி கண்டு சொன்னார். ஏக்கருக்கு 10 கிலோவை 20 கிலோ மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும், டிஏபி உரத்தோடு சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் பழகிப்போன பாடம். போட்டால் பயிர் எழுந்து நிற்கிறது, மகசூல் கூடுகிறது. அதனால் அந்தச் செலவைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை.

நான் கேட்பது வேறு. மண்ணில் போட்ட அந்த ஜிங்க் அரிசி வரைக்கும் போய்ச் சேருகிறதா? பெரும்பாலும் இல்லை. இந்தியா, சீனா, தாய்லாந்து உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நெல்லில் சோதனை செய்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். மண்ணில் இட்டபோது உமி நீக்கிய அரிசியில் துத்தநாகம் ஏறியது இரண்டு, மூன்று விழுக்காடுதான். இலைவழியாகத் தெளித்தபோது, தெளிக்காத அரிசியைவிடச் சராசரியாகக் கால் பங்கு கூடியது. அதிலும் பூத்த பிறகு, மணியை நகத்தால் நசுக்கினால் வெள்ளையாகப் பால் வருகிற பருவத்தில் தெளிப்பதுதான் மணிக்கு நன்றாகப் போய்ச் சேர்கிறது. தண்ணீரில் அரை விழுக்காடு, அதாவது பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம். ஏக்கருக்கு ஒரு கிலோ ஜிங்க் சல்பேட்டே போதும். மருந்து விலை பெரிசில்லை, அடிக்கிற ஆளுக்குக் கூலிதான் பெரிசு.

பால் பிடிக்கும் பருவத்தில் ஜிங்க் அடித்தால் மகசூல் ஒன்றும் பெரிதாகக் கூடப்போவதில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குத்தூசியால் எடுத்து ஈரப்பதம் பார்ப்பார்கள், 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் களத்தில் காயவைக்கச் சொல்வார்கள். கருக்காய், தூசி, நிறம் மாறிய மணி எல்லாம் பார்ப்பார்கள். அரிசியில் துத்தநாகம் எவ்வளவு என்று எந்தக் கருவியும் பார்ப்பதில்லை, அதற்காக ஒரு ரூபாய் கூட்டித் தரவும் யாரும் இல்லை. செலவு எனக்கு, பலன் எங்கோ ரேஷன் அரிசி வாங்குகிற குடும்பத்தின் பிள்ளைக்கு. பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான், ஆனால் கூலிக்காரருக்கு ஆசையைச் சம்பளமாகக் கொடுக்க முடியாது.

பலன் சின்னது என்றும் சொல்ல முடியாது. 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் நாட்டில் வளரிளம் பருவத்தினரில் 32 விழுக்காட்டினருக்குத் துத்தநாகம் குறைவு. துத்தநாகம் குறைந்த குழந்தை வளர்த்தி இல்லாமல் நிற்கும், அடிக்கடி நோயில் விழும். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ்ஸோடு 14 நாள் ஜிங்க் மாத்திரை தருவது சும்மா இல்லை. மூன்று வேளையும் சோறே பிரதானமான வீட்டில் அரிசியில் ஏறுகிற கால் பங்கும் கணக்குதான். ரேஷனில் செறிவூட்டிய அரிசி, அதாவது சத்துச் சேர்த்த அரிசி கொடுத்தார்களே என்பீர்கள். சாதா அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்று கலக்கும் அந்தச் சத்து மணியில் கட்டாயமானவை இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12. துத்தநாகம் விருப்பப்பட்டால்தான்.

இரும்புக்கும் இதே வழி சரிவருமா என்றால், வராது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதற்காக இரும்பு உரத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடினால் காசுதான் வீண். மண்ணில் போட்ட இரும்பு சீக்கிரம் பயிர் எடுக்க முடியாதபடி மாறிவிடுகிறது, இலையில் தெளித்தாலும் மணிக்கு அதிகம் போவதில்லை. அதற்கு மாத்திரை, முருங்கைக்கீரை, செறிவூட்டிய அரிசி என்று வேறு வழி பார்க்க வேண்டியதுதான். யாராவது கம்பெனி ஆள் வந்து எல்லாச் சத்தும் ஒரே பாக்கெட்டில் என்றால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

பாக்கெட் என்றதும் நினைவுக்கு வருகிறது. போன சம்பாவில் ஒரு கடையில் யூரியா கேட்டதற்கு, கேட்காத நுண்ணூட்டப் பாக்கெட்டையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை என்றார்கள். அது எனக்கு மட்டும் நடந்ததில்லை. இப்படித் தலையில் கட்டுவதால் நல்ல ஜிங்க்கின் பெயரும் கெட்டுப்போகிறது. துறை இதைத் தட்டிக் கேட்டாலே பாதி வேலை முடியும்.

வேறு நாட்டில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பின்லாந்தில் மண்ணில் செலினியம் என்ற சத்து குறைவு. விவசாயியைக் கெஞ்சிக்கொண்டிருக்காமல், 1984-இல் முடிவெடுத்து உரத்திலேயே அதைக் கலக்க ஆரம்பித்தார்கள். மக்களின் ரத்தத்தில் செலினியம் ஏறியது. நம் ஊரிலும் 2015-இல் யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூச்சுக்கு மாறியது, எங்களிடம் யாரும் கேட்கவில்லை, யாருக்கும் கஷ்டமும் இல்லை. ஜிங்க் கலந்த யூரியாவுக்கும் உரக்கட்டுப்பாட்டு ஆணையில் இடம் இருக்கிறது. ஆனால் நெல்லில் மண்வழி ஜிங்க் மணிக்கு அதிகம் ஏறாது என்பதால், அது மட்டும் போதாது. பால் பிடிக்கும் பருவத் தெளிப்பும் வேண்டும், அதன் கூலியைத் துறை ஏற்க வேண்டும். எல்லா வயலுக்கும் வேண்டாம். கொள்முதல் நிலையத்துக்கு நெல் போடுகிற ஊர்களில் நான்கைந்தை எடுத்துக்கொள்ளுங்கள், ட்ரோன் வாடகை கட்டுப்படியாகுமா என்றும் பாருங்கள்.

விரிஞ்சிபுரத்தாருக்கு ஒரு வார்த்தை. சோதிக்கும்போது நெல்லைச் சோதிக்காதீர்கள், அரிசியைச் சோதியுங்கள். தெளித்ததில் நிறைய உமியிலேயே நின்றுவிடும், நெல்லாக அரைத்துப் பார்த்தால் எண் அழகாகத்தான் வரும். நாங்கள் தின்பது உமி இல்லை. இங்கே பயிராகும் ஏடிடீ 37 நெல் ரகத்தில் எவ்வளவு ஏறுகிறது, மில்லில் தீட்டியபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எங்களுக்குப் புரிகிற தமிழில் ஒரு பக்கம் போட்டுத் தாருங்கள்.

என் நிலத்தில் வரும் நவரைக்கு அரை ஏக்கர் விடுகிறேன். பாதியில் தெளியுங்கள், பாதியை விடுங்கள், நடுவில் வரப்பு நான் போட்டுத் தருகிறேன். கூலி உங்களுடையது.

இப்படிக்கு,
அணைக்கட்டு வட்டார நெல் விவசாயி ஒருவர்