பேக்கிங் பவுடருக்கு எலுமிச்சை சோதனை உதவாது

ஆசிரியருக்கு,

பழைய பேக்கிங் பவுடரில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்து, பொங்கினால் பயன்படுத்தலாம் என்று தங்கள் சமையல் பகுதியில் ஒரு குறிப்பு வந்திருந்தது. சமையல் சோடாவுக்கு இது சரி. பேக்கிங் பவுடருக்குத் தவறு.

சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட் மட்டுமே. பச்சைத் தண்ணீரில் போட்டால் சத்தமில்லாமல் கரைந்துவிடும். பொங்க வேண்டுமென்றால் அமிலம் வேண்டும். பேக்கிங் பவுடரில் அந்த அமிலமும் உலர்ந்த உப்பாகக் கூடவே இருக்கிறது. டப்பாவுக்குள்ளேயே இரண்டும் வினைபுரிந்துவிடாமல் இருக்க, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஸ்டார்ச் கலந்திருப்பார்கள். (பொங்கி அடங்கிய பிறகும் தண்ணீர் பால்போலக் கலங்கி நிற்பது இந்த ஸ்டார்ச்சால்தான், கலப்படம் என்று பயப்பட வேண்டாம்.) தண்ணீர் பட்டதும் சோடாவும் அமில உப்பும் கரைந்து சந்திக்கின்றன, கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிறது. இதே பவுடரை எண்ணெயில் போட்டால் தூளில் சிக்கிய காற்று நாலு குமிழாக வெளியேறும், அவ்வளவுதான். தூள் அப்படியே அடியில் படிந்துவிடும்.

ஆகவே பவுடருக்குள் இருக்கும் சோடாவும் அமிலமும் தங்களுக்குள் வினைபுரிகின்றனவா என்பதைத்தான் சோதிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு விட்டால் அமிலத்தை நாமே கொடுத்துவிடுகிறோம். பவுடரின் சொந்த அமிலம் ஈரம் பட்டுத் தீர்ந்துபோயிருந்தாலும், மிச்சமிருக்கும் சோடா சாற்றில் ஜோராகப் பொங்கிக் காட்டும். அதை நம்பி மாவில் போட்டால் கேக் எழும்பாது.

சரியான முறை இது: கால் கப் வெந்நீரில் அரை டீஸ்பூன் பவுடரைப் போடுங்கள். கை பொறுக்காத சூடு போதும். கொதிக்கும் நீர் வேண்டாம், அந்தச் சூட்டில் சமையல் சோடா தனியாகவே சற்று வாயு விடும். முதல் இரண்டு விநாடி வரும் குமிழ்களைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது தூளில் இருந்த காற்று. அதன் பிறகும் அடியிலிருந்து மேல்வரை நுண்குமிழ்கள் விடாமல் ஏறி, மேலே வெள்ளை நுரை கட்டினால் பவுடர் நன்றாக இருக்கிறது. தூள் திட்டாக மிதந்து, ஓரத்தில் மட்டும் சிலிர்த்தால் கொட்டிவிடலாம்.

வெந்நீர் ஏன் என்று கேட்கலாம். டபுள் ஆக்டிங் வகையில் பெரும்பாலும் இரண்டு அமில உப்புகள் இருக்கும். மோனோகால்சியம் பாஸ்பேட் குளிர்ந்த நீரிலேயே வேலையைத் தொடங்கிவிடும். சோடியம் அலுமினியம் சல்பேட் சூடு ஏறினால்தான் அசையும். அந்த வகைப் பவுடரைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, பொங்கி அடங்கியதும் டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கிப் பாருங்கள். அடங்கிப்போன நீர் மறுபடி குமிழ்விடும். அடுப்பில் கேக் எழும்புவது இந்த இரண்டாவது பொங்கலால்தான்.

இன்னொரு திருத்தம். பேக்கிங் பவுடர் இல்லாவிட்டால் ஒரு டீஸ்பூனுக்குப் பதில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் அரை டீஸ்பூன் வினிகரும் போதும் என்று பலரும் எழுதுகிறார்கள். கணக்கு இடிக்கிறது. 1 கிராம் சோடா முழுவதும் வினைபுரிய, 5 சதவீத வினிகர் ஏறக்குறைய 14 மில்லி வேண்டும். கால் டீஸ்பூன் சோடா சுமார் 1.2 கிராம், அதற்கு 17 மில்லி, அதாவது ஒரு டேபிள்ஸ்பூனுக்குச் சற்று மேல். அரை டீஸ்பூன் வினிகர் அதில் ஏழில் ஒரு பங்கைத்தான் தீர்க்கும். மீதிச் சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறி, வாயில் சோப்பு ருசி தட்டும், கேக்கில் மஞ்சள் புள்ளிகளும் விழும். வினிகரைத் தேவையான அளவு சேர்த்து, அந்த அளவுக்கு மாவில் ஊற்றும் தண்ணீரையோ பாலையோ குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்