ஜோடி சேர்க்கப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

நேற்று ராத்திரி உன் அப்பன் போன் போட்டு, "அக்கா, உன் மருமக டிவிக்குப் போறாளாம். பையனையும் பொண்ணையும் பேச வச்சு ஜோடி சேர்த்துவிடுற புரோகிராமாம். நீயாவது எடுத்துச் சொல்லு" என்று புலம்பித் தள்ளிவிட்டான். எதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. போகாதே என்று தடுக்கச் சொல்கிறான், வேறென்ன. நான் தடுக்கப் போவதில்லை. தாராளமாகப் போ. போவதற்கு முன்னால் இந்தத் தொகுப்பாளர் வேலையை உனக்கு முன்பே பார்த்த ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு போ. போனில் ஆரம்பித்தால், ரேடியோவில் வேலை பார்க்கிற நீ பாதியில் "அத்தே, அடுத்த லிங்க் பேசணும், வச்சிடுறேன்" என்பாய். அதனால் எழுதுகிறேன். மைக் பிடிக்க ஆசைப்படும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டுமே என்று பொதுவிலேயே வைக்கிறேன்.

அவர் பெயர் ஜிம் லேங். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரத்தில் 1932-ல் பிறந்தவர். அந்த ஊர் வானொலிக்கு ஒரு பையனும் ஒரு பெண்ணும் தேவைப்பட்டபோது குரல் தேர்வில் ஜெயித்து உள்ளே போனார். அப்போது வயது 15. பையன் விளையாட்டுச் செய்தி சொல்ல வேண்டும், பெண் நடன விழா விவரம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அப்புறம் கல்லூரி, மூன்று வருடம் மரைன் படை, உள்ளூர் டிவியில் குழந்தைகளுக்காக 'கேப்டன் 11' என்று வேஷம் கட்டியது, சான் ஃபிரான்சிஸ்கோவில் மறுபடி வானொலி. 1965 டிசம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் 'தி டேட்டிங் கேம்' தொடங்கியபோது அதன் தொகுப்பாளர் ஆனார். தயாரித்தவர் சக் பேரிஸ்.

ஆட்டம் இதுதான். ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்று இளைஞர்கள். முகம் தெரியாது, பெயர் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்தான். அவள் கேள்வி கேட்பாள், பதிலை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பாள். அப்புறம் இருவரும் நிகழ்ச்சியின் செலவில் ஏதோ ஓர் ஊருக்குப் போய் வரலாம். கூடவே துணைக்கு ஓர் ஆளையும் அனுப்பினார்கள். வெள்ளைக்காரர்களும் நம்மை மாதிரிதான் போல!

இதில் ஒன்றைக் கவனித்தாயா? வீட்டில் பார்க்கிறவர்களுக்கு அது டிவி. மூன்று முகமும் தெரியும். தேர்ந்தெடுக்க வேண்டியவளுக்கு அது ரேடியோ. அவளுக்கு இருப்பது காது மட்டும். அப்படிப்பட்ட நிகழ்ச்சியின் நடுவே நிற்க ஒரு ரேடியோக்காரரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

குரல் என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பத்தா கடைசிக் காலத்தில் கூட்டத்துக்குப் பயந்து திருக்கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். சித்திரைத் திருவிழாவில் அன்று காலை ரேடியோவைப் பக்கத்தில் வைத்து, மஞ்சள் கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வர்ணனையாளர் "மங்கல நாண்" என்று சொல்லி மேளம் உயர்ந்ததும் இங்கே வீட்டில் தாலிக்கயிறு மாறும். அந்த அறிவிப்பாளர் யார், என்ன முகம் என்று அவருக்குத் தெரியாது. அவர் குரலை நம்பிக் கழுத்தில் கயிற்றை மாற்றினார்.

இப்போது என் கதை. உன் அப்பனுக்குக்கூட இது முழுசாகத் தெரியாது.

நான் வானொலியில் கேஷுவல் அறிவிப்பாளராக இருந்த காலம். மாதம் ஆறு நாள் டூட்டி. நேயர் விருப்பம் என்றால் மேஜை மேல் 15 காசு கார்டுகள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாக இருக்கும். வாடிப்பட்டி, மேலூர், உசிலம்பட்டி என்று எல்லா முத்திரையும் உண்டு. பாட்டு ஒரு வரி, பெயர்கள் பத்து வரி. இடம் போதாமல் கார்டைத் திருப்பி ஓரத்திலும் நுணுக்கி எழுதியிருப்பார்கள். சில கார்டுகளைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிடும். பட்டியலின் கடைசியில் ஒரு பையன் பெயரும் ஒரு பெண் பெயரும் ஒட்டிக்கொண்டு நிற்கும். மற்ற பெயர்களுக்கு நடுவில் கமா இருக்கும், அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் இருக்காது.

சோழவந்தான் பக்கத்திலிருந்து அப்படி ஒரு கார்டு வந்தது. எனக்கு வயது 24, வாய் சும்மா இருக்குமா? அந்த இரண்டு பெயரையும் சேர்த்து வாசித்து, ஒரு நொடி விட்டு, குரலில் கொஞ்சம் சிரிப்பை வைத்து, பாட்டைப் போட்டுவிட்டேன். கூடுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலைந்து நாள் கழித்து நிலையத்து வாசலில் ஒருவர் டிவிஎஸ் 50-ஐ நிறுத்திவிட்டு நின்றார். அந்தப் பெண்ணின் அண்ணன். கத்துவார் என்று பயந்தேன். அவர் கத்தவில்லை. அந்தக் கார்டைத் தன் தங்கை எழுதவே இல்லை, யாரோ எழுதிப் போட்டது, ரேடியோவில் வந்த பிறகு அவளைத் தையல் வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார். அப்புறம், "பேரை வாசிச்சதுகூடப் பரவாயில்லம்மா. நீங்க ஏன் சிரிச்சீங்க?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. டூட்டி ஆபீசர் அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்தப் பெண் அப்புறம் வகுப்புக்குப் போனாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கார்டையும் ஒரே சீராகத்தான் வாசித்தேன். "உங்க வாசிப்புல உப்பே இல்லையே" என்று சக அறிவிப்பாளர் ஒருவர் கேலி செய்வார். செய்யட்டும்.

ஜிம் லேங்கின் பழைய பகுதிகள் யூடியூபில் கிடைக்கின்றன. எடுத்துப் பார். செட் முழுக்கப் பெரிய பெரிய பூக்கள், பளபளா கோட்டு, நெஞ்சில் சுருக்கு வைத்த சட்டை. கண்ணைப் பறிக்கும் அந்த அலங்காரத்துக்கு நடுவே மனிதர் பதறாமல் நிற்கிறார். பையன் ஏடாகூடமாகப் பதில் சொன்னால் கூட்டம் சிரிக்கும், அவர் அடுத்த ஆளுக்கு நகர்வார். கடைசியில் ஜோடியோடு சேர்ந்து கேமராவைப் பார்த்து ஒரு பறக்கும் முத்தம். அதுகூட இல்லாவிட்டால் டிவி எப்படி!

ஆரம்பத்தில் பதில்கள் மிகவும் ஆபாசமாகப் போனதாம். மத்தியப் புலனாய்வு அதிகாரி மாதிரி ஒரு நடிகரை வேஷம் போடவைத்து, டிவியில் அசிங்கமாகப் பேசினால் ஜெயில் என்று போட்டியாளர்களை மிரட்டினோம் என்று தயாரிப்பாளர் பேரிஸ் பின்னாளில் கதை சொன்னார். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். உங்கள் ஆட்களுக்கும் தேவைப்படலாம்.

அந்த நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் வந்திருக்கிறார். 1972-ல் மைக்கேல் ஜாக்சன் சிறுவனாக வந்து, மூன்று சிறுமிகளில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்.

1978-ல் வந்த ஒருவன் பெயர் ரோட்னி அல்காலா. ஜெயித்ததும் அவன்தான். ஒரு சிறுமியைத் தாக்கிய வழக்கில் ஏற்கெனவே தண்டனை பெற்றவன் அவன். பல பெண்களைக் கொன்றவன் என்பது பிற்பாடு நீதிமன்றத்தில் நிரூபணமானது. தடுப்புக்குப் பின்னால் அவன் குரல் இனித்தது. நேரில் பேசிப் பார்த்த அந்தப் பெண்ணுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. அவனோடு வெளியே போக முடியாது என்று சொல்லிவிட்டாள். அவளைக் காப்பாற்றியது அவள் உள்மனசு. நிகழ்ச்சிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

நம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் முதலில் அவன் தெருமுனை டீக்கடையில் ஒரு டீ குடிப்பார்கள். குடிப்பானா, கடன் உண்டா, முந்தி வேறு கல்யாணம் ஆனதா, எல்லாம் அந்த ஒரு டீயில் தெரிந்துவிடும். உன் நிகழ்ச்சிக்கு அந்த டீயை யார் குடிக்கப் போகிறார்கள் என்று முதலில் கேள். 'அதெல்லாம் புரொடக்ஷன் பார்த்துக்கும்' என்று சொன்னால், யார், எப்படி என்று மறுபடி கேள்.

2018-ல் கலர்ஸ் தமிழில் நடிகர் ஆர்யா தனக்குப் பெண் தேடிய 'எங்க வீட்டு மாப்பிள்ளை' வந்தபோது நீயும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். இங்கே மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை வழக்குப் போனது. கடைசியில் மூன்று பெண்கள் அலங்காரத்தோடு காத்திருக்க, ஆர்யா யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. "என்னடீ இது, பொண்ணு பார்க்க வந்து பஜ்ஜி தின்னுட்டுப் போன கதையா" என்று நான் கேட்டதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இப்போது அந்த மேடையில் நீ நிற்பாய். அந்த மூன்று பேரிடமும் என்ன பேசுவாய் என்று யோசித்து வை.

இன்னொன்று. உன் அப்பனுக்குத் தெரியாமல் சொல்கிறேன், ரேடியோவை விட்டுவிடாதே. ஜிம் லேங் நாடு முழுக்கத் தெரிந்த முகமான பிறகும் சான் ஃபிரான்சிஸ்கோவில் வானொலி வேலையை வைத்துக்கொண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் போய் நிகழ்ச்சியைப் பதிவு செய்து வந்தார். ஏபிசி 1973-ல் நிகழ்ச்சியை நிறுத்தியது. அப்புறம் திரும்ப வந்தது, மறுபடி நின்றது. 1984-ல் பாட்டைக் கண்டுபிடிக்கும் போட்டி ஒன்றை நடத்தினார், அதுவும் ஒரு வருடம்தான். வானொலியிலிருந்து அவர் ஓய்வு பெற்றது 2005-ல். 2014-ல் 81 வயதில் இறந்தபோது, அவருடைய உண்மையான காதல் ரேடியோதான் என்று மனைவி சொன்னார். இங்கே நம் அப்துல் ஹமீதைப் பார். இலங்கை வானொலியில் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு'தான் அவரைச் சன் டிவி வரைக்கும் கொண்டுவந்தது.

சனி, ஞாயிறு மட்டும் ஷூட்டிங் என்கிறாய். வெள்ளி ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ், ஞாயிறு ராத்திரி திரும்பினால் திங்கள் காலை ஷோவுக்குக் கொஞ்சம் தொண்டை கட்டும், அவ்வளவுதான். சுக்கு வெந்நீர் நான் தருகிறேன். ஆனால் சேனல்காரர்கள் கொடுத்த ஒப்பந்தத்தில் 'வேறு எந்த ஊடகத்திலும் குரல் கொடுக்கக் கூடாது' என்று ஒரு வரி இருக்கிறதாம், உன் அப்பன் உளறிவிட்டான். கையெழுத்துப் போடாதே. அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து இன்றைக்கே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை
மதுரை