‘அதிரடி’ என்று தலைப்பிடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னைப் பதிப்பில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ‘அதிரடி’ கண்ணில் படுகிறது. தலைவர் அதிரடி, கவுன்சிலர் அதிரடி, அதிகாரிகளுக்கு அதிரடிக் கெடு. மேசையைத் தட்டிப் பேசினாலும் அந்தச் சொல்தான், பதவியைத் துறந்தாலும் அந்தச் சொல்தான். மேசையைத் தட்டியவருக்குக் கையில் இருந்தது எதுவும் குறையவில்லை. பதவியைத் துறந்தவருக்குக் குறைந்தது. இந்த வேறுபாட்டைச் செய்தியில் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இக்கடிதம்.

1963-ல் காமராசர் செய்ததைப் பாருங்கள். மூத்தவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சிப் பணிக்குப் போக வேண்டும் என்றார். அந்தப் பட்டியலில் தன் நாற்காலியையும் வைத்தார். அவரையும் சேர்த்து ஆறு முதல்வர்கள், ஆறு மத்திய அமைச்சர்கள் விலகினார்கள். அக்டோபர் 2-ல் அவர் முதல்வர் பதவியை விட்டு இறங்கினார். அவர் மட்டும் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களை இறங்கச் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஆனால் கட்சிக்காரர்களை அசைத்த அந்தத் துணிவு கடைத்தெருவில் அரிசி விலையை இறக்கவில்லை. 1967-ல் விருதுநகரில் அவரே தோற்றார். துணிச்சலின் கணக்கை எழுதும்போது இந்தப் பக்கத்தையும் எழுத வேண்டும்.

இன்று சாலை மறியலின் வரிசை நகரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். காலையில் உட்கார்வார்கள், அரை மணி நேரத்தில் பேருந்தில் ஏற்றுவார்கள், பக்கத்துத் திருமண மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விடுவிப்பார்கள். மறியல் செய்தவருக்கு இழப்பு இவ்வளவுதான் என்பது அதிகாரிக்கும் தெரியும். அதனால் கோப்பு நகர்வதில்லை. உண்மையில் இழப்பவர் நடுவழியில் நின்றுபோன 29சி பேருந்தில் இருக்கும் பெண்மணி. அவருக்கு அரை நாள் சம்பளம் போகிறது. அடுத்த முறை அவர் மறியலுக்கு எதிராகத்தான் பேசுவார். கோரிக்கை நியாயமாகவே இருக்கலாம், ஆனால் வலி போய்ச் சேர்ந்த இடம் தவறு.

வலி எங்கே சேர வேண்டும் என்பதற்கு 1908-ன் தூத்துக்குடியை விடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. வ.உ.சிதம்பரனார் என்ற ஒரே மனிதர் அங்கே இரண்டு துணிச்சலான காரியங்களில் இறங்கியிருந்தார். முதலாவது 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. இவர் அதற்கும் கீழே இறக்கினார். அவர்கள் பயணமே இலவசம், கூடவே ஒரு குடையும் என்றார்கள். இரண்டாவது கோரல் நூற்பாலை வேலைநிறுத்தம், 1908 பிப்ரவரி 27-ல் தொடங்கியது. ஒன்பது நாளில் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. கப்பல் கம்பெனியோ அவர் சிறை சென்ற பின் தள்ளாடி 1911-ல் கலைக்கப்பட்டது.

மனிதர் ஒருவர், ஊர் ஒன்று, துணிவிலும் குறைவில்லை. முடிவு ஏன் மாறியது? ஆலை நிற்கும் ஒவ்வொரு நாளும் நட்டம் முதலாளி மடியில் விழுந்தது. அதை நிறுத்த அவர் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஒரு உத்தரவு போதும். தொழிலாளிகளுக்கு ஊரே பின்னால் நின்றது. கப்பலில் நிலைமை தலைகீழ். இலவசப் பயணத்தின் நட்டத்தை எதிர்க் கம்பெனி மற்ற வழித்தடங்களின் வருமானத்தில் தாங்கிக்கொண்டது. 25 ரூபாய்ப் பங்குகளாக ஊர் ஊராய்த் திரட்டிய முதலுக்கு அந்தத் தாங்கும் நீளம் இல்லை. எல்லாம் ஒரே மனிதர் தோளில் இருந்ததால், அவரைக் கைது செய்ததும் கம்பெனியின் முதுகெலும்பே போனது. ஆகவே துணிந்து இறங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: நட்டம் யாருக்கு விழும், அவர் எத்தனை நாள் தாங்குவார், நம்மில் முதலில் தளர்பவர் யார்?

மூன்றாவது கேள்வியை விட்டதால் என்ன ஆனது என்பதை வடசென்னை 1921-ல் பார்த்தது. பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைகளின் தொழிலாளர் போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. தொழிலாளரில் ஆதிதிராவிடர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அன்றாடக் கூலியை விட்டால் வேறு பிடிமானம் இல்லாதவர்களை உடன் வைத்துக்கொள்ளத் தொடக்கத்திலேயே வழி செய்திருக்க வேண்டும். முதலாளிக்கு எதிரான போராட்டம் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாகி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

எதிராளி எப்படித் திரும்பினாலும் நமக்கே ஆதாயம் வரும்படி அமைப்பதுதான் இந்தக் கலையின் உச்சம். உப்புச் சத்தியாகிரகம் அப்படிப்பட்டது. உப்பு அள்ளியவரைக் கைது செய்தால் ஊரெல்லாம் செய்தி, செய்யாவிட்டால் சட்டம் செத்தது. 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டபோது, தஞ்சை கலெக்டர் தார்ன் நடந்து போனவர்களைத் தொடவில்லை. அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று அறிவித்தார். கெட்டிக்காரத்தனமான அடி அது. ஊர்க்காரர்கள் உணவுப் பொட்டலங்களை வழிநெடுக மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் காவலருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை போனார் வைரப்பன். பெயர் தெரிந்த தலைவருக்கு இருந்த பாதுகாப்பு அவருக்கு இல்லை. என் கணக்கில் அந்த யாத்திரையின் பெரிய துணிச்சல் அவருடையதுதான்.

இனி, உங்கள் தலைப்புகளில் அடிக்கடி வரும் ‘கெடு’. ‘24 மணி நேரத்தில் மழைநீர் வடிகால் அமைக்காவிட்டால்...’ என்று ஒருவர் முழங்குகிறார். தமிழ்நாட்டு ஒப்பந்தப்புள்ளி விதிகளின்படி இரண்டு கோடி ரூபாய் வரையிலான வேலைக்கே டெண்டர் போடப் பொதுவாக 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேல் போனால் 30 நாள். ஆக அந்தக் கெடு தவறியே தீரும், தவறும் என்பது வாங்கிக்கொண்ட அதிகாரிக்கும் தெரியும். மறுநாள் கெடுவை நீட்டித்தால், அடுத்த கெடுவை அவர் படிக்கக்கூட மாட்டார். 24 மணி நேரத்தில் முடியக்கூடியதைக் கேளுங்கள்: திறந்து கிடக்கும் பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு, இரவில் எரியும் விளக்கு, தண்ணீரை இறைக்க மோட்டார். மூன்றும் உதவிப் பொறியாளர் மட்டத்திலேயே முடிகிற காரியம். வடிகாலுக்கு வேறு கெடு: டெண்டர் அறிவிப்பு எந்தத் தேதியில் என்று எழுத்தில் பதில். கேட்கும் முன் அது யாருடைய வேலை என்றும் பார்க்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது, மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. தவறான அலுவலகத்தின் முன் காட்டும் வீரத்துக்கு ‘எங்கள் துறை இல்லை’ என்ற மூன்று சொல் போதும். கெடு முடிந்த மறுநாள், பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நிலையையும், வேலை நடந்திருந்தால் அதை அளந்து பதியும் எம்-புக் ஏட்டின் நகலையும் கேட்டுவிட வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். எந்த முழக்கத்தையும் விட இந்த ஒரு பக்க மனு அலுவலகத்தில் அதிகம் உறுத்தும்.

பெரிதாகக் கேட்பதைத் தவறு என்று சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழு 1975-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. சிறார்களை இரண்டு மணி நேரம் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போக முடியுமா என்று மாணவர்களை நேராகக் கேட்டபோது 17 சதவீதம் பேர்தான் சம்மதித்தார்கள். முதலில் ‘வாரம் இரண்டு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சிறார்களுக்கு ஆலோசகராக இருப்பீர்களா’ என்று கேட்டு, மறுத்ததும் இதற்கு இறங்கி வந்தபோது 50 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். ஆனால் இரண்டையும் கேட்பவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ஒருவர் பெரிதாக முழங்க, இன்னொருவர் போய்ச் சிறிதாகக் கேட்டால் அது விட்டுக்கொடுத்ததாகத் தெரியாது, குழுவுக்குள் பிளவாகத்தான் தெரியும்.

1967 தேர்தலில் அண்ணா, ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றார். பெரிய எண்ணும் இறங்கி நிற்கும் எண்ணும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில், வாக்கு கேட்கும்போதே வந்தன. ஆட்சிக்கு வந்து சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுத்தபோது, ‘நிச்சயம்’ என்று சொன்னது கைக்கு வந்திருந்தது. முதலில் மூன்று படி என்று மட்டும் சொல்லிவிட்டு, வென்ற பின் ஒன்று என்றிருந்தால் அதே அரிசிக்குப் பெயர் ஏமாற்று.

இறங்கும் படியை முன்கூட்டியே கட்டாததன் விலையை 2017 ஜனவரியில் மெரினாவில் பார்த்தோம். ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்களின் கட்டுப்பாட்டை நாடே வியந்தது. 21-ஆம் தேதி அவசரச் சட்டம், 23-ஆம் தேதி பேரவையில் சட்டம். கேட்டது கிடைத்த நாளும் கலவரம் மூண்ட நாளும் ஒன்றே. தலைவர் இல்லாதது அதுவரை பலமாக இருந்தது. ‘போதும், கலைவோம்’ என்று சொல்ல ஒருவர் தேவைப்பட்ட காலையில் அதுவே குறையானது. இங்கே ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்டு மாநகரக் காவல் சட்டம் 41-ஆம் பிரிவின்கீழ் ஐந்து நாள் முன்பே மனு கொடுக்க வேண்டியிருக்கிறது. பலரும் அந்த ஐந்து நாளைப் பேனருக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழிக்கிறார்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும் மூன்று பேர் யார், எது கிடைத்தால் எழுந்திருப்பது, அதை யார் அறிவிப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க அந்த நாட்களில் ஒரு மாலை போதும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நிருபர்கள் ஒவ்வொரு ‘அதிரடி’ச் செய்தியிலும் நான்கு விவரங்களைக் கேட்டு எழுத வேண்டும்: என்ன கேட்டார், யாரிடம் கேட்டார், எந்தத் தேதிக்குள், நடக்காவிட்டால் தான் எதை இழக்கத் தயார். நான்காவதற்குப் பதில் இல்லையென்றால் ‘கண்டனம்’ என்று தலைப்பிடலாமே. கெடு வைத்த செய்தியை முதல் பக்கத்தில் போடும் நாளிலேயே, அது முடியும் தேதியை உங்கள் செய்தி அறைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தத் தேதியில் அதே இடத்துக்கு அதே நிருபரை அனுப்பி, பள்ளம் மூடப்பட்டதா, தடுப்பு நிற்கிறதா என்று நான்கு வரி, ஒரு படம் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5