பழைய டிராக்டரின் லிப்ட் பழுது: பம்பை மாற்றும் முன் பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புரட்டாசிப் புழுதி விதைப்புக்கு முன் நிலத்தைத் தயார்செய்ய வேண்டிய நெருக்கடியில், கல்லல், சாக்கோட்டை, தேவகோட்டை வட்டாரங்களில் பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் புகார்களில் முக்கியமானது, ஒன்பது கொத்துக் கலப்பையை லிப்ட் (வண்டியின் பின்புறம் ஆயில் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கும் அமைப்பு) தூக்கவில்லை, அல்லது தூக்கியதைத் தாங்கி நிற்கவில்லை என்பதாகும். இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "பம்ப் போய்விட்டது", அதாவது லிப்டுக்கு ஆயிலை அழுத்தி அனுப்பும் பம்ப் கெட்டுவிட்டது என்பதுதான். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எந்தச் சோதனையும் செய்யாமல் அந்த முடிவுக்கு வருவதும், கண்மாய்த் தண்ணீரையும் மானாவாரியையும் நம்பி உழும் சிறு விவசாயி அதன் செலவைச் சுமப்பதும் நியாயமன்று என்பதை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

நம் பகுதியில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய மாசி பெர்குசன் வண்டிகளின் லிப்ட், ஹாரி பெர்குசன் 1930களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த, கலப்பையை மூன்று இடங்களில் வண்டியோடு பிணைக்கும் மூன்று புள்ளி இணைப்பு முறையின் வழிவந்தது. சென்னையில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாபே நிறுவனம் அந்த வண்டிகளை இங்கே பரவலாக்கியது. அந்த அமைப்பில் பம்ப் வண்டியின் நடு ஹவுசிங்கிற்குள் (இரும்புக் கூட்டுக்குள்), ஆயிலில் மூழ்கியபடி இருக்கும். ஆயில் வரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் வால்வு, பம்ப் ஆயிலை உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும். பம்ப் இப்படி உள்ளே மறைந்திருப்பதால், அதை வெளியே எடுத்துப் பார்ப்பதே பெரிய வேலை. ஆகவே கழற்றுவதற்கு முன், வெளியிலிருந்தே தெரிந்துகொள்ளக்கூடிய அனைத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது ஆயில். பழைய மாடல்கள் பலவற்றில் கியருக்கும் ஹைட்ராலிக்கிற்கும் ஒரே ஆயில்தான். கேஜ் வீல் (சேற்றில் ஓடுவதற்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டித் தொளி உழவு செய்யும் வண்டியில், தேய்ந்த சீல் வழியாகவும் கியர் கம்பியின் கிழிந்த ரப்பர் உறை வழியாகவும் தண்ணீர் உள்ளே இறங்கும். அப்போது ஆயில் மோர் நிறத்துக்கு மாறிவிடும். வண்டியை இரவு முழுவதும் அசைக்காமல் நிறுத்திவைத்து, காலையில் என்ஜினை இயக்கும் முன் அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால், பிரிந்து அடியில் தங்கியிருக்கும் தண்ணீர் முதலில் வெளியே வரும். ஆயிலில் நுரை கட்டியிருந்தால் நிலைமை வேறு: ஆயில் அளவு குறைந்திருக்கலாம், அல்லது உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழையலாம். ஸ்ட்ரெய்னர் என்ற ஆயில் வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் பம்ப் கீச்சென்று இரையும், லிப்ட் தயங்கித் தயங்கி ஏறும். இவற்றுக்கெல்லாம் தேவைப்படுவது தண்ணீரோ காற்றோ நுழையும் இடத்தைச் சரிசெய்வதும், வடிகட்டியைக் கழுவுவதும், நிறுவனம் சொன்ன தரத்தில் ஆயில் மாற்றுவதும்தான், புதிய பம்ப் அன்று.

பழுது எந்த நேரத்தில் தோன்றுகிறது என்பதை ஓட்டுநர்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். காலையில் நன்றாகத் தூக்கிய லிப்ட், வண்டி சூடேறியபின் தளர்ந்தால், சூட்டில் இளகிய ஆயில் தேய்ந்த பாகங்களின் இடுக்கு வழியாகக் கசிகிறது என்று ஊகிக்கலாம். இந்த நிலையில் பம்பைச் சந்தேகிப்பது சரியே. இதற்கு மாறாக, கலப்பையை மேலே தூக்கி, என்ஜினை நிறுத்தியபின் அது சில நிமிடங்களில் தானாக இறங்கிவிட்டால், குற்றவாளி பம்பின் தேய்மானம் அன்று. ஓடாமல் நிற்கும் பம்பின் தேய்ந்த பிஸ்டனைக் குறைசொல்வதற்கு இடமில்லை. அப்போது முதலில் பார்க்க வேண்டியவை லிப்ட் சிலிண்டரின் பிஸ்டன் சீல், பம்பிலிருந்து மேலேறும் குழாயின் ஓ-ரிங்குகள், அடுத்து வால்வுகள். தூக்கிய கலப்பை ஒரே உயரத்தில் நில்லாமல் விட்டுவிட்டுத் தலையாட்டுவதும் இதே கசிவின் அறிகுறிதான்: கசிந்ததால் இறங்கியதை, கன்ட்ரோல் வால்வு திரும்பத் திரும்பச் சரிசெய்ய முயல்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு விவசாயிக்கு, இந்த அறிகுறி இருந்தும், பட்டறை ஒன்றில் புதிய பம்ப் மாற்றினார்கள். கலப்பை முன்புபோலவே இறங்கியது. வேறொரு மெக்கானிக் லிப்ட் மூடியைத் திறந்து சீலை மாற்றியபின்தான் அது நின்றது. பம்புக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை. அதைவிட, உழவுக்கான ஈரம் காய்ந்துபோனது.

இழுவைப் பளுவுக்கேற்பக் கலப்பையை ஏற்றி இறக்கும் டிராப்ட் கன்ட்ரோல் லீவரையும், அதை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் கன்ட்ரோல் லீவரையும் மாற்றி வைத்துவிட்டு லிப்ட் கெட்டதாக நினைப்பதும், இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு மூடியிருப்பதை அறியாமல் கலப்பை இறங்கவில்லை என்பதும் உண்டு. கிளட்ச் வழியாகச் சுழலும் பம்ப் உள்ள வண்டியில், கிளட்சை முழுவதும் மிதித்திருக்கும்வரை லிப்ட் ஏறாது.

இவ்வளவு பார்த்தும் ஐயம் தீராவிட்டால், முடிவைச் சொல்ல வேண்டியது பிரஷர் கேஜ் என்ற அழுத்தமானி. டிப்பர் டிரெய்லருக்கு ஆயில் எடுக்கும் வாயில் அதை மாட்டி, ஆயில் சூடாக இருக்கும்போது, லிப்ட்டை முழுவதும் தூக்கும் நிலையில் சில விநாடிகள் மட்டும் வைத்து, முதலில் மெதுவான வேகத்திலும் பிறகு வேலை செய்யும் வேகத்திலும் அளந்து, அந்த மாடலின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். பல பழைய மாடல்களில் இது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ வரை இருக்கும். சிலிண்டருக்குச் செல்லும் வழியை அடைத்து அளக்கும்போது அழுத்தம் சரியாக வந்து, திறந்தபின் குறைந்தால் பழுது சிலிண்டரில். அடைத்தபின்னும் குறைவாகவே இருந்தால் பம்ப் அல்லது ரிலீப் வால்வு (அழுத்தம் அளவு மீறினால் திறந்து ஆயிலை வெளியேற்றும் வால்வு). ரிலீப் வால்வில் தூசி சிக்கியிருப்பதும் ஸ்பிரிங் தளர்ந்திருப்பதும் பம்பைவிட மிகக் குறைந்த செலவில் சரியாகக்கூடியவை. ஆனால் அந்த ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் சொருகி அழுத்தத்தைக் கூட்டும் பழக்கம் ஆபத்தானது; அது ஹவுசிங்கையே உடைக்கக்கூடும்.

தூக்கிய கலப்பையின் கீழ் யாரும் நுழையக் கூடாது. ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. ஊசித்துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் காயத்துக்கு உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே சரியான முறை.

சோதனைக்கான கேஜும் இணைப்பு நட்டுகளும் சிற்றூர்ப் பட்டறைகள் பலவற்றில் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறை, ஒன்றியத்துக்கு ஒரு தொகுதியையாவது குறைந்த வாடகைக்குக் கிடைக்கச் செய்யலாம். ஆனி, ஆடி மாதங்களில், உழவு நெருக்குவதற்கு முன், காரைக்குடி அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலோ குன்றக்குடி வேளாண் அறிவியல் மையத்திலோ மெக்கானிக்குகளையும் வண்டி உரிமையாளர்களையும் சேர்த்து உட்காரவைத்து, ஒரு பழைய வண்டியில் இந்தச் சோதனையைச் செய்துகாட்டும் முகாம் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பம்பை மாற்றச் சொல்லும் பட்டறைகளும், கேஜில் வந்த அளவை ரசீதிலேயே எழுதிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கல்லல் ஒன்றியம், சிவகங்கை மாவட்டம்.