காபி விலையைப் பேச மட்டும் யாரும் கூடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காபித்தூள் விலை ஏறியதைப் பற்றி நீங்கள் போட்ட செய்தியின் கடைசி வரியில் ‘விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று இருந்தது. தாண்டிக்குடி பக்கம் இரண்டரை ஏக்கரில் சில்வர் ஓக் நிழலில், மிளகும் மலைவாழையும் கலந்து காபி போட்டிருக்கிற விவசாயிதான் நானும். நியூயார்க் சந்தையில் அரபிக்கா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது 2025 பிப்ரவரியில். என் பார்ச்மென்ட், அதாவது பழத்தோல் நீக்கிக் காயவைத்த காபிக்கொட்டை, பொங்கலுக்கு முன்பே களத்திலிருந்து வியாபாரியின் வண்டியில் ஏறிவிட்டது. பழம் பறிக்கிறவர்களுக்கு வாராவாரம் கூலி கொடுக்க வேண்டும், நியூயார்க் ஏறட்டும் என்று காத்திருக்க முடியுமா? அதனால் மகிழ்ச்சி இருந்தது, ஆனால் என் வீட்டில் இல்லை.

பிரேசிலில் வறட்சி என்று எழுதியிருந்தீர்கள், அது சரி. ஆனால் அங்கே பனி விழுந்தால் இங்கே விலை எகிறுவதும், வியட்நாமில் விளைச்சல் கூடினால் இங்கே படுத்துவிடுவதும் அப்படியே விட்டுவிட வேண்டிய இயற்கை விதி இல்லை. 1962-ல் விற்கிற நாடுகளும் வாங்குகிற நாடுகளும் ஐநாவில் கூடி ஒப்பந்தம் போட்டார்கள், லண்டனில் சர்வதேச காபி அமைப்பு வந்தது, எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று கோட்டா வைத்தார்கள். எண்பதுகளில் பவுண்டுக்கு 1 டாலர் 20 சென்டிலிருந்து 1 டாலர் 40 சென்டுக்குள் விலையை நிறுத்துவதுதான் நோக்கம். அமெரிக்கா இதில் சேர்ந்தது நம் மேல் உள்ள பாசத்தால் அல்ல, கியூபாவைப் பார்த்த பிறகு, காபி விலை விழுந்தால் லத்தீன் அமெரிக்கா முழுக்கச் சிவந்துவிடும் என்ற பயம்தான். காரணம் எதுவானாலும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் இல்லையா?

அந்த ஏற்பாட்டிலும் ஓட்டைகள் இருந்தன. கோட்டாவுக்கு வெளியே இருந்த சோவியத் பக்கத்து நாடுகளுக்கு அதே காபி மலிவாகப் போனது, பிரேசில் தன் பங்கைக் குறைக்க மாட்டேன் என்றது, அமெரிக்காவோ மத்திய அமெரிக்கக் காபி இன்னும் வேண்டும் என்றது. 1989 ஜூலையில் கோட்டா உடைந்தது, கொஞ்ச நாளிலேயே விலை பாதியானது. இங்கே அப்பா காலத்தில் காபி முழுவதையும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குக் கொடுத்துவிட வேண்டும், வாரியம்தான் விற்கும், பணம் தவணை தவணையாக வரும், கடைசித் தவணை வருவதற்குள் அடுத்த பறிப்பே முடிந்திருக்கும். அப்பா திட்டாத நாளில்லை. 1996-க்குள் அதுவும் போனது. அப்புறம் வியட்நாம் காபி விளைச்சலில் உலகத்தில் இரண்டாம் இடத்துக்கு வந்தது, 2001-ல் பவுண்டு 50 சென்டுக்கும் கீழே. அந்த வருஷம் பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று எங்கள் பக்கம் பலர் பழத்தைச் செடியிலேயே விட்டார்கள். பறிக்காத பழத்தில்தான் காய்த்துளைப்பான் வண்டு குடியிருக்கும், அடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டக்காரனும் சேர்ந்து அனுபவித்தான். அப்பாவும் வாரியத்தின் தொகுப்பைத் திட்டுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

லண்டன் அமைப்பு இன்னும் இருக்கிறது. 2023-ல் பெங்களூரில் உலக காபி மாநாடுகூட நடந்தது, ஆசியாவில் முதல் தடவை. ஆனால் விலையில் கை வைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, புள்ளிவிவரமும் பேச்சும்தான். 2018-ல் அமெரிக்கா அதிலிருந்தும் விலகிவிட்டது.

ஒன்றுகூடிச் சட்டம் போடவே வாங்குகிற நாடுகளுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த காபி எங்களுக்கு வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் போட்டது. நம் காபியை அதிகம் வாங்குவது இத்தாலி, ஆகவே தப்பிக்க வழியில்லை. காட்டைக் காப்பாற்றுவதில் எனக்கு மறுப்பும் இல்லை, நிழல் மரம் இல்லாமல் எங்கள் காபியே இல்லை. காபி எந்த நிலத்தில் விளைந்தது என்று வரைபடத்தில் காட்ட வேண்டும், 4 ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் தோட்டம் இருக்கும் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி குறித்துக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். போன மாதம் அந்தப் புள்ளிக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து நடுவில் நின்றேன். மர அடர்த்தியில் சிக்னல் தடுமாறி, நான் ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்பதாகக் காட்டியது. அது வனத்துறை நிலம்! மேட்டிலிருக்கும் பாறை மேல் ஏறி நின்ற பிறகுதான் புள்ளி என் தோட்டத்துக்குள் வந்தது. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, அது வேறு கதை. இவ்வளவும் செய்தால் கிலோவுக்கு எவ்வளவு கூடும் என்று வியாபாரியிடம் கேட்டேன். சிரித்தார்.

வாங்குகிற நாடுகள் சட்டத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டன, அவர்கள் கம்பெனிகளுக்கு அவகாசம் வேண்டுமாம். எனக்கும் ஒரு பறிப்புக் காலம் அவகாசம் கொடுத்து, குறைந்தபட்சம் இவ்வளவு விலை என்று சொல்ல எந்த நாடு கூடும்? கோட்டாவை அப்படியே கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. வரைபடத்துக்கு ஆகிற செலவையாவது வாங்குகிறவர்கள் பகிர வேண்டும் என்று அடுத்த லண்டன் கூட்டத்தில் நம் வாரியம் எழுந்து கேட்கலாம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நாமக்கல் முட்டை விலை தினமும் போடுகிறீர்கள், தங்கம் காலையில் ஒன்று மாலையில் ஒன்று. அதன் கீழே வாரம் ஒரு தடவை நியூயார்க் அரபிக்கா, லண்டன் ரொபஸ்டா விலையை ரூபாயில், கிலோ கணக்கில் போடுங்கள். டிசம்பரில் வியாபாரி வண்டி வருவதற்கு முன்னால் ஆரம்பித்தால் நல்லது.

ஒரு காபி விவசாயி,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்